ஐந்து கார்களும் ஒரு படைவீரரின் நினைவும்

பெங்களூரிலிருந்து தெற்கே வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, கர்நாடகத்தின் அத்திப்பள்ளியைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் ஜூஜுவாடி அமைந்துள்ளது. அதை அடுத்துள்ள ஓசூர், சிப்காட் எனப்படும் மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம் அங்குத் தொழிற்பேட்டை அமைத்த பிறகு, நாட்டின் வாகனத் தொழில் மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய முதல் இந்திய மொபெட்டான டி.வி.எஸ். 50, 1980-ஆம் ஆண்டில் ஓசூர் ஆலையிலிருந்துதான் வெளிவந்தது. அசோக் லேலண்ட் நிறுவனமும் அதே ஆண்டில் அங்குத் தன் ஆலையைத் தொடங்கியது. புதிய வண்டிகளை உருவாக்கும் திறன் இவ்வளவு செறிந்துள்ள ஒரு வட்டாரம், பழைய வண்டிகளையும் அவற்றோடு வாழ்ந்த மனிதர்களையும் எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறது என்பது காலம் கடப்பதற்குள் எழுப்பப்பட வேண்டிய கேள்வியாகும்.

இக்கேள்விக்கு உலகம் அறிந்த விடைகளுள் முதன்மையான ஒன்று, இங்கிலாந்தின் பியூலி என்னும் சிற்றூரில் கிடைக்கிறது. படையில் பணியாற்றியவரும் மோட்டார் வண்டிகளின் மீது தீராத பற்றுக் கொண்டவருமான ஒரு தந்தையை நினைவுகூர, அவரைப் போலவே படையில் பணியாற்றித் திரும்பிய மகன், 1952-ஆம் ஆண்டில் தம் வீட்டின் முன்கூடத்தில் ஐந்து பழைய கார்களைக் காட்சிக்கு வைத்தார். அந்த ஐந்து கார்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் பிரித்தானியாவின் தேசிய மோட்டார் அருங்காட்சியகமாக வளர்ந்தன. தந்தையின் வாழ்க்கையில் இந்தியாவுக்கும் ஓர் இடம் இருந்ததால், இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதும் ஆகாது.

தந்தை: மோட்டார் வண்டிக்காக வாதாடியவர்

தந்தையின் பெயர் ஜான் டக்ளஸ்-ஸ்காட்-மாண்டேகு. பியூலியின் இரண்டாம் பிரபுவான இவரை, மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களால் இந்தியப் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்ற இந்திய விவகாரங்களுக்கான பிரித்தானிய அமைச்சர் எட்வின் மாண்டேகுவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இருவரும் வேறு வேறு மனிதர்கள். 1866-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் பிறந்த ஜான், செல்வக் குடும்பத்தின் வாரிசாக இருந்தபோதிலும், இளமையிலேயே ரயில்வே பட்டறையில் கையில் எண்ணெய்க் கறை படிய வேலை கற்று, நீராவி இன்ஜினை ஓட்டும் தகுதியையும் பெற்றார். இயந்திரத்தை விலை கொடுத்து வாங்கும் பொருளாக மட்டும் காணாமல், அதன் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றும் செய்யும் வேலையை அறிந்து மதிக்கும் மனப்பாங்கு அவரிடம் இவ்வாறே வேரூன்றியது.

1892 முதல் 1905 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜான், தம் தந்தையின் மறைவுக்குப் பிறகு பிரபுக்கள் அவைக்குச் சென்றார். குதிரைகள் மிரளும், புழுதி எழும், ஏழைகளின் உயிருக்கு ஆபத்து என்று மோட்டார் வண்டிக்கு எதிராகப் பலர் குரல் எழுப்பிய அந்தக் காலத்தில், அதன் பக்கம் நின்று வாதாடிய மிகச் சிலருள் அவரும் ஒருவர். 1899-ஆம் ஆண்டில் தம் 12 குதிரைத்திறன் டைம்லர் காரைப் பாரிசிலிருந்து ஓஸ்டெண்டு வரையிலான பந்தயத்தில் ஓட்டித் தம் பிரிவில் மூன்றாம் இடத்தைப் பெற்றார். அதே ஆண்டில் அந்தக் காரிலேயே நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைய முயன்றபோது, காவலர் அவரைத் தடுத்து நிறுத்த, அவைத் தலைவர் தலையிட்டு அனுமதி வழங்க நேர்ந்தது. 1902-ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிகளுக்கென்றே ஒரு வார இதழைத் தொடங்கினார். வண்டிகளுக்குப் பதிவெண் பலகையையும் ஓட்டுநர்களுக்கு உரிமத்தையும் கட்டாயமாக்கி, வேக வரம்பை மணிக்கு 20 மைல், அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டர் என்று நிர்ணயித்த 1903-ஆம் ஆண்டின் பிரித்தானிய மோட்டார் கார் சட்டம் உருவானதிலும் அவர் பங்கு குறிப்பிடத்தக்கது.

அவருடைய ரோல்ஸ் ராய்ஸ் காரின் முகப்புக்காகச் சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பி, உதட்டின் மீது விரலை வைத்திருக்கும் ஒரு பெண்ணின் சிறுசிலையை வடித்தார். இதே சிற்பிதான் 1911-ஆம் ஆண்டில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்துக்காக, காற்றில் ஆடை பறக்க முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் பெண்ணுருவையும் வடித்தார். இன்றளவும் அந்நிறுவனத்தின் கார்களுடைய முகப்பில் நிற்பது அவ்வுருவமே. இரு சிலைகளுக்கும் மாதிரியாக இருந்தவர் ஜானின் இதழில் செயலாளராகப் பணியாற்றிய எலினார் தார்ன்டன் என்று பரவலாக நம்பப்படுகிறது.

இந்தியப் பணியும் கடல் விபத்தும்

முதல் உலகப் போர் தொடங்கியபோது ஜான் மாண்டேகு 48 வயதைக் கடந்திருந்தார். ஹாம்ப்ஷயர் ரெஜிமென்டின் ஒரு பட்டாலியனுக்குத் தலைமை ஏற்று இந்தியாவுக்கு வந்த அவரை, 1915-ஆம் ஆண்டில் இந்திய அரசு இயந்திரப் போக்குவரத்துத் துறையின் ஆலோசகராக நியமித்தது. இயந்திரப் போக்குவரத்து என்பது, படைக்கு வேண்டிய உணவு, வெடிமருந்து, கூடாரம், மருந்து ஆகியவற்றை விலங்குகளின் முதுகிலும் வண்டிகளிலும் ஏற்றிச் செல்வதற்கு மாறாக மோட்டார் லாரிகளில் கொண்டு செல்லும் ஏற்பாட்டைக் குறிக்கும். அன்றைய இந்தியப் படை, குறிப்பாக வடமேற்கு எல்லைப்புற மலைகளில், கோவேறு கழுதைகளையும் ஒட்டகங்களையும் மாட்டு வண்டிகளையும் பெரிதும் நம்பியிருந்தது.

இந்த நிலையை மாற்றுவதற்கு லாரிகளை வாங்கிக் குவிப்பது மட்டும் போதாது. கோவேறு கழுதைக்குப் பாதை இல்லாத மலைச்சரிவும் பாதையே. லாரிக்கோ எடையைத் தாங்கும் சாலையும் பாலமும் வேண்டும். விலங்கு வழியில் கிடைக்கும் புல்லைத் தின்று நடக்கும். லாரிக்குக் குறித்த தொலைவுக்கு ஒருமுறை எரிபொருள் கிடங்கு தேவைப்படும். உதிரி பாகங்களும் பழுது நீக்கும் பட்டறையும் பயிற்சி பெற்ற ஓட்டுநர்களும் இல்லாவிட்டால், மிக விலை உயர்ந்த வண்டியும் முதல் கோளாறிலேயே சாலையோரத்தில் பயனற்றுக் கிடக்கும். ஆகவே ஆலோசகரின் பணி வண்டியோடு நின்றுவிடாமல் சாலை, எரிபொருள், பட்டறை, ஓட்டுநர் பயிற்சி என்று விரிந்து சென்றது. 1919-ஆம் ஆண்டின் மூன்றாம் ஆப்கன் போரில் கைபர் கணவாய்ப் பகுதியில் மோட்டார் லாரிகளும் கவசக் கார்களும் பயன்பட்டபோது, இந்த மாற்றத்தின் தொடக்கத்தை இந்தியப் படை நேரில் கண்டது.

இப்பணிக்கிடையே அவர் உயிரிழக்கும் நிலைக்கு ஆளானார். இங்கிலாந்து சென்றிருந்த ஜான், எஸ்.எஸ். பெர்சியா என்ற பயணிகள் கப்பலில் எலினார் தார்ன்டனோடு இந்தியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, 1915-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், கிரீட் தீவுக்குத் தெற்கே ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று முன்னறிவிப்பின்றி அதைத் தாக்கி மூழ்கடித்தது. கப்பலில் இருந்த 519 பேரில் 343 பேர் மாண்டனர். எலினாரும் அவர்களுள் ஒருவர். காற்றடைத்த மேற்சட்டை அணிந்திருந்த ஜான், சேதமடைந்த படகொன்றைப் பற்றிக்கொண்டு ஒரு நாளுக்கும் மேலாகக் கடலில் மிதந்த பிறகு மீட்கப்பட்டார். அவர் இறந்துவிட்டதாகக் கருதி லண்டன் செய்தித்தாள்கள் அதற்குள் இரங்கல் குறிப்புகளை வெளியிட்டிருந்தன. உயிர் தப்பியவர் 1919 வரை இந்திய அரசின் ஆலோசகராகத் தொடர்ந்தார்.

போருக்குப் பின்னும் அவர் சிந்தனை சாலைகளையே சுற்றி வந்தது. மோட்டார் வண்டிகளுக்கென்றே தனிச் சாலைகள் அமைக்க வேண்டும் என்று 1920-களிலேயே வலியுறுத்தி, லண்டனிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் அத்தகைய சாலை ஒன்றுக்கான திட்டத்தையும் அவர் முன்வைத்தார். பிரித்தானியாவின் முதல் மோட்டார் நெடுஞ்சாலைப் பகுதி 1958-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. 1929-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் அவர் காலமானபோது, ஒரே மகன் எட்வர்டுக்கு இரண்டரை வயதுகூட நிரம்பவில்லை.

மகன்: நினைவை நிறுவனமாக்கியவர்

1926-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் பிறந்த எட்வர்ட், தந்தையின் முகத்தை நினைவுகூரக்கூட இயலாத வயதில் பட்டத்துக்கு உரியவரானார். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் கிரனேடியர் கார்ட்ஸ் என்ற காலாட்படைப் பிரிவில் சேர்ந்து, பிரித்தானிய ஆட்சிப் பொறுப்பில் இருந்த பாலஸ்தீனத்தில் பணியாற்றினார். படையிலிருந்து திரும்பி, 25-ஆம் வயதில் பண்ணையின் முழுப் பொறுப்பை ஏற்றபோது, பெரிய வீடுகளைப் பராமரிக்க வழியின்றிப் பல பிரபுக் குடும்பங்கள் அவற்றை விற்றும் இடித்தும் வந்தன. 1204-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட துறவியர் மடமொன்றின் நுழைவாயில் கட்டடமே காலப்போக்கில் பியூலி மாளிகையாக மாறியிருந்தது. அத்தகைய வீட்டைக் காக்க வேண்டுமானால் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டுக் கட்டணம் பெறுவதே வழி என்று எட்வர்ட் முடிவு செய்தார்.

வருகின்றவர்களுக்கு எதைக் காட்டுவது என்ற சிந்தனை எழுந்தபோது, மற்றக் குடும்பங்களைப் போல ஓவியங்களையும் வெள்ளிப் பாத்திரங்களையும் அவர் முன்னிறுத்தவில்லை. தாம் அறியாத தந்தையை ஊர் அறிந்திருந்தது மோட்டார் வண்டியின் முன்னோடியாக. ஆகவே ஐந்து பழைய கார்களை முன்கூடத்தில் நிறுத்தினார். அவற்றுள் ஒன்று, பண்ணை வேலைக்குப் பயன்பட்டு வந்த, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்து டி தியோன் பூத்தோன் கார். காரைக் காண வந்த கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருக, முன்கூடம் போதாமல் கொட்டகைகளும், பிறகு தனிக் கட்டடமும் எழுந்தன. 1972-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் புதிய கட்டடத்தில் தேசிய மோட்டார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தொகுப்பைத் தம் குடும்பச் சொத்தாக வைத்துக்கொள்ளாமல் அறக்கட்டளையின் பொறுப்பில் ஒப்படைத்ததே எட்வர்டின் மிக முக்கியமான செயல் எனலாம். ஏனெனில் உலகின் மிகச் சிறந்த தனியார் தொகுப்புகள் பல, உரியவர் மறைந்தவுடன் வாரிசுகளுக்குள் பிரிந்தும் ஏலத்தில் சிதறியும் போயிருக்கின்றன.

இன்று அங்கு 250-க்கும் மேற்பட்ட வண்டிகள் உள்ளன. 1927-ஆம் ஆண்டில் மணிக்கு 200 மைல் வேகத்தை, அதாவது ஏறத்தாழ 322 கிலோமீட்டரை, முதன்முதலாகத் தரையில் தாண்டிய சன்பீம் காரும், 1929-ஆம் ஆண்டில் மணிக்கு 231 மைல் வேகத்தை எட்டிய கோல்டன் ஆரோ காரும் அவற்றுள் அடங்கும். இவ்விரண்டையும் ஓட்டிய ஹென்றி சீகிரேவும் முதல் உலகப் போரில் காயமுற்ற படைவீரர், விமானி. வண்டிகளுக்கு இணையான மதிப்புடையவை அங்குள்ள நூலகமும் புகைப்பட ஆவணங்களும்; ஒரு காரின் பழைய வண்ணம் எது, எந்த ஆண்டில் எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்பவற்றை அவற்றைக் கொண்டே உறுதி செய்ய முடியும்.

பழைய வண்டியைக் காப்பவர் எதிர்கொள்ளும் முதல் இடர் உதிரி பாகம் கிடைக்காமையே ஆகும். இதற்கு வழிகாணும் வகையில், பழைய உதிரி பாகங்களை வாங்கவும் விற்கவும் 1967-ஆம் ஆண்டில் எட்வர்ட் பியூலியில் ஒரு சந்தையைத் தொடங்கினார். சென்னையின் புதுப்பேட்டையை ஆண்டுக்கொரு முறை ஒரு கிராமத்துப் புல்வெளியில் பரப்பி வைத்தாற்போன்ற அந்தச் சந்தை, இன்றும் பன்னாட்டு ஆர்வலர்களை ஈர்க்கிறது. பழைய வண்டிகளுக்கென 1956-ஆம் ஆண்டில் ஓர் இதழையும் அவர் தொடங்கினார். வரலாற்றுக் கட்டடங்களைக் காக்கும் இங்கிலாந்து அரசு அமைப்பின் முதல் தலைவராகவும் விளங்கினார்.

அவர் வாழ்க்கையை நினைவுகூர்வோர் 1954-ஆம் ஆண்டைத் தவிர்த்துவிட முடியாது. ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாகக் கருதிய சட்டத்தின்கீழ் அவ்வாண்டில் அவர் சிறைத் தண்டனை பெற்றார். அவ்வழக்கு எழுப்பிய விவாதம், சட்டத்தை மறு ஆய்வு செய்த வுல்பெண்டன் குழுவின் நியமனத்துக்குத் தூண்டுதல்களுள் ஒன்றாக அமைந்தது. குழுவின் பரிந்துரை 1967-ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. சிறையிலிருந்து மீண்டவர் ஊரை விட்டு ஒதுங்காமல், அதே வீட்டில், அதே பணியை முன்னிலும் பெரிதாக நடத்திக் காட்டினார் என்பது அவர் மனவுறுதிக்குச் சான்று. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள், 88-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

படைப் பயிற்சியும் வண்டிப் பராமரிப்பும்

பழைய வண்டிகளைக் காப்பவர்களுள் முன்னாள் படைவீரர்கள் பலர் இருப்பதற்குக் காரணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்தியப் படையின் ஓட்டுநர் ஒருவர் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் எண்ணெய், தண்ணீர், டயர் காற்று, பிரேக், விளக்கு ஆகியவற்றை வரிசைப்படி சோதிப்பது ‘ஃபர்ஸ்ட் பரேட்’ என்றும், பணி முடிந்து நிறுத்தும்போது மறுநாளுக்காக வண்டியைத் துடைத்துச் சோதித்து வைப்பது ‘லாஸ்ட் பரேட்’ என்றும் அழைக்கப்படும். ஓடிய தொலைவும் ஊற்றிய எரிபொருளும் மாற்றிய உறுப்பும் வண்டிக்குரிய பதிவேட்டில் ஏறும். போர்முனையில் நின்றுபோகும் வண்டி, அதில் உள்ளவர்களின் உயிரைக் குடிக்கக்கூடும் என்பதால் இவ்வொழுங்கு இருபது ஆண்டுகளில் உடம்பில் ஊறிவிடுகிறது. வண்டியை அன்றாடம் கவனிப்பதும், செய்ததை எழுதி வைப்பதும் ஆகிய இவ்விரண்டுமே பழைய வண்டிகளைக் காக்கும் கலையின் அடித்தளமாகும்.

ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் உருவான சக்திமான் லாரியும் ஜோங்கா ஜீப்பும் இந்தியப் படைவீரர்களின் பல தலைமுறைகளைச் சுமந்தவை. படையின் பயன்பாட்டிலிருந்து நீங்கி ஏலத்துக்கு வந்த ஜோங்காக்கள் பல, ஆர்வலர்களின் கைகளில் மறுவாழ்வு பெற்றுள்ளன. வாங்கியவருக்கு வண்டி கிடைக்கிறது. அவ்வண்டி எந்தப் படைப்பிரிவில் இருந்தது, எந்த மலைச்சாலையில் ஓடியது, அதை ஓட்டியவர் யார் என்ற செய்தியோ பெரும்பாலும் உடன் வருவதில்லை. செய்தி அற்ற வண்டி பாதி வண்டியே ஆகும்.

இதற்கு நேர்மாறான நிலையைப் பீல்ட் மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் வாழ்க்கையில் காணலாம். 1947-ஆம் ஆண்டில் நாடு பிரிந்த வேளையில், தம்மோடு பணியாற்றிய, பின்னாளில் பாகிஸ்தான் அதிபரான யாஹியா கானிடம் தம் சிவப்பு நிற ஜேம்ஸ் மோட்டார் சைக்கிளை 1,000 ரூபாய்க்குக் கொடுத்தார் என்பதும், பாகிஸ்தான் சென்று அனுப்புவதாகச் சொன்ன பணம் வந்து சேரவே இல்லை என்பதும், 1971-ஆம் ஆண்டுப் போரில் இருவரும் எதிரெதிர் அணிகளில் நின்றபோது அக்கடன் தீர்ந்ததாக மானெக்‌ஷா சொல்லி மகிழ்ந்தார் என்பதும் படைவீரர்களிடையே புகழ்பெற்ற செய்தி. ஓய்வுக்குப் பின் குன்னூரில் வாழ்ந்து 2008-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் வெலிங்டன் படை மருத்துவமனையில் மறைந்த அவரைத் தமிழ்நாடு தன்னவராகவே கருதுகிறது. அவர் வாழ்க்கையில் கதை நிலைத்தது, வண்டி கைவிட்டுப் போயிற்று. ஏலத்து ஜோங்காக்களில் வண்டி நிலைத்தது, கதை கைவிட்டுப் போயிற்று. இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்ததே பியூலியின் வெற்றி.

ஓசூர் வட்டாரத்துக்கு ஒரு வாய்ப்பு

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1920-களில் பேருந்துத் தொழிலில் இறங்கித் தமிழகத்தின் தலைசிறந்த தொழிலறிஞராக உயர்ந்த ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தினர், கோயம்புத்தூரில் கார் அருங்காட்சியகம் ஒன்றை நடத்தி வருகின்றனர். சட்டமும் இப்போது துணை நிற்கிறது. 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதற்பதிவுக்குப் பின் 50 ஆண்டுகளைக் கடந்த, அடிச்சட்டமும் உடற்கூடும் இன்ஜினும் பெரிய மாற்றமின்றி உள்ள இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்து, ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண்ணைப் பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே அவ்வண்டியைச் சாலையில் ஓட்டலாம்; வணிகத்துக்கோ அன்றாடப் பயணத்துக்கோ அனுமதி இல்லை.

இவ்விதியை ஓசூர் வட்டாரத்தோடு பொருத்திப் பார்க்கும்போது ஒரு முக்கியமான ஆண்டு கண்ணில் படுகிறது. 1980-ஆம் ஆண்டில் ஓசூரில் உருவான முதல் டி.வி.எஸ். 50 வண்டிகள் 2030-ஆம் ஆண்டில் 50 ஆண்டுகளை நிறைவு செய்யும். பால்காரரும் காய்கறி வியாபாரியும் பள்ளி ஆசிரியரும் ஓட்டிய வண்டிகள், விடுப்பில் ஊர் திரும்பிய படைவீரர் தம் மனைவியைப் பின்னால் அமர்த்திச் சென்ற வண்டிகள், அரசர்களின் ரோல்ஸ் ராய்ஸ் கார்களுக்கு நிகரான சட்டத் தகுதியைப் பெறப்போகின்றன. மாளிகைகளின் கார்களைக் காக்க மாளிகைகள் உண்டு; எளியவர்களின் வண்டிகள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போய்விடுகின்றன. ஆகவே முதலில் காக்கப்பட வேண்டியவை இவையே.

இதற்குப் பெருஞ்செல்வம் தேவைப்படாது. ஜூஜுவாடி முதல் கிருஷ்ணகிரி வரையுள்ள ஆலைகளில் ஓய்வுக்குப் பின் காவலர்களாகவும் ஓட்டுநர்களாகவும் பணியாற்றும் முன்னாள் படைவீரர்களிடம் வண்டியைக் காக்கும் ஒழுங்கு இருக்கிறது. இங்குள்ள தொழிலாளர்களிடம் அதைச் சீர்செய்யும் கைத்திறன் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்றுக்கொள்ள மாணவர்கள் இருக்கின்றனர். ஐந்து வண்டிகளை நிறுத்த ஒரு கூடமும், ஒவ்வொரு வண்டிக்கும் உரியவரின் வரலாற்றை எழுதி வைக்க ஒரு பதிவேடும், ஒருவரது மறைவோடு தொகுப்பு சிதறாமல் காக்க ஓர் அறக்கட்டளையும் அமைந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

அதற்கு முன்பாக ஒவ்வொரு குடும்பமும் இன்றே செய்யக்கூடிய செயல் ஒன்று உண்டு. வீட்டில் படைப்பணியாற்றிய தாத்தாவோ தந்தையோ இருப்பின், அவர் ஓட்டிய வண்டிகளைப் பற்றி அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள், ஆர்.சி. புத்தகத்தையும் பட்டறை ரசீதுகளையும் வண்டியருகே அவர் நிற்கும் புகைப்படங்களையும் ஒரே உறையில் இட்டுப் பாதுகாத்து வையுங்கள். பழைய வண்டியை எடைக்குப் போடும் முன் அதன் முதற்பதிவு ஆண்டை ஒருமுறை பாருங்கள்.